"சராசரிக்கு மேல் மழை" என்றால் என்ன? வன்னியின் மாரிகால முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

புரட்டாதி கடைசியில் இலங்கையின் வடக்கே வன்னியில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே கிளம்பும். "இந்த முறை பெருமாரியாம், குளமெல்லாம் நிரம்பி வான் பாயுமாம்" என்பார் ஒருவர். "எல் நினோவாம், மழை பொய்க்குமாம்" என்பார் இன்னொருவர். பல வேளைகளில் இரண்டு பேச்சும் ஒரே முன்னறிவிப்பிலிருந்து எழுந்தவையாகத்தான் இருக்கும். மூன்று மாதங்களுக்கான பருவகால முன்னறிவிப்பு, நாளாந்த வானிலை அறிக்கை, அனர்த்த எச்சரிக்கை ஆகிய மூன்றும் முகநூலில் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஒன்றிடம் கேட்கவேண்டியதை மற்றொன்றிடம் கேட்டுவிட்டு, பிறகு "வானிலைக்காரர் சொன்னது பலிக்கவில்லை" என்று முடித்துவிடுகிறோம்.

முன்னறிவிப்பை வாசிக்கமுன் இந்த மண்ணுக்கு மழை எப்படி வருகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். அதற்கு முதலில் மலைநாட்டைப் பார்க்கவேண்டும்.

மலை மறிக்கும் மழை

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேல் பருவக்காற்று. இந்து சமுத்திரத்தின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் இந்தக் காற்று மத்திய மலைநாட்டில் முட்டி மேலெழும். மேலே போகும் காற்று விரிந்து குளிரும். குளிர்ந்த காற்றால் அதே அளவு நீராவியைத் தாங்க முடியாது. ஆகவே முகில் திரண்டு மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்க்கிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீ. வரை பெய்வது இதனால்தான்.

மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்கும்போது அது அமுங்கிச் சூடாகவும் ஆகிறது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. முகிலோடு ஏறும் காற்று 1,000 மீற்றருக்கு 6 பாகை அளவில்தான் குளிரும். ஈரத்தை இழந்து இறங்கும் காற்றோ 1,000 மீற்றருக்கு 10 பாகை அளவில் சூடேறும். எனவே மலை ஏறமுன் இருந்ததைவிட, இறங்கிய பின் காற்று அதிகம் சூடாக இருக்கும். ஆடியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புழுதியைக் கிளப்பி, குளத்தை வற்றவைக்கும் சோளகம் இப்படி வந்ததுதான். மலையின் மறுபக்கத்தில் இப்படி மழை குன்றிய பகுதிக்கு மழைமறைவுப் பிரதேசம் என்று பெயர். நுவரெலியாவில் ஜூன் மாதம் மண்சரிவு என்ற செய்தியைக் கேட்டு கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறையும் என்று யாரும் எதிர்பார்க்கத் தேவையில்லை.

ஒக்டோபரில் இந்தக் காற்று தளர்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களை வளிமண்டலவியல் திணைக்களம் இரண்டாவது இடைப்பருவம் என்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, ஊர்ப் பேச்சில் வாடை. இப்போது வங்கக் கடல் காற்று நேராக வன்னிக்குள் வரும். ஆனால் அதை மறித்து மேலே தள்ள வன்னியில் மலை இல்லை. பெருநிலத்தின் உயர்ந்த பகுதி என்று சொல்லத்தக்க வவுனியாவே கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில்தான் இருக்கிறது.

வன்னி மழையின் குணம் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. மலைநாட்டில் காற்று வீசினாலே மழை. சமதரையில் காற்று மேலெழ வேறொரு காரணம் வேண்டும்: தரை சூடேறிப் பிற்பகலில் இடிமுகில் கிளம்பவேண்டும், அல்லது கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகிக் காற்றைத் தன்பக்கம் இழுத்து மேலே ஏற்றவேண்டும். எனவே இங்கே மழை நாளுக்குக் கொஞ்சமாக வராது. நாலைந்து பெரிய மழைகளாக வந்து, நடுவில் பத்துப் பதினைந்து நாள் வெயில் விடும். ஆண்டு மழையின் பெரும்பங்கை ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மூன்று மாதங்கள் தந்தாலும், அந்தப் பெரும்பங்கு ஒரு சில தாழமுக்கங்கள் எந்தப் பாதையால் போகின்றன என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், வேகத்தைப் பாருங்கள்

தாழமுக்கம் என்பது சுற்றுப்புறத்தைவிட வளியமுக்கம் குறைந்த பகுதி. அதைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 கி.மீ. எட்டினால் வங்கக் கடலில் அது ஒரு படி ஏறும், 51 இல் ஆழ்ந்த தாழமுக்கம், 62 ஐத் தாண்டினால் சூறாவளி. பெயரும் அப்போதுதான் வைப்பார்கள். இந்தப் படிவரிசை முழுவதும் காற்றின் வேகத்தை வைத்தது. மழையின் அளவு இதில் எங்கும் கிடையாது.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 நவம்பர் நல்ல உதாரணம். அந்த மாதம் வங்கக் கடலில் உருவான புயலுக்குப் பெங்கல் என்ற பெயர் வந்தது நவம்பர் 29 இல். மறுநாள் அது புதுச்சேரிப் பக்கம் கரைகடந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் நின்றது அதற்கு முந்திய நாள்களில். அப்போது அது பெயரில்லாத தாழமுக்கம், இலங்கையில் கரையேறவும் இல்லை. "சூறாவளி இல்லையாம், பயமில்லை" என்று இருந்தவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது.

மழையைத் தீர்மானிப்பது முக்கியமாக அது நகரும் வேகம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடந்துபோவது அரை நாளில் முடிந்துவிடும். மணிக்கு 5 கி.மீ. என்று ஊர்ந்தால் அதே இடத்தில் இரண்டு நாள் கொட்டும். 2025 நவம்பர் 28 இல் கிழக்குக் கரையில் ஏறிய டித்வா சூறாவளி, நிலத்தின் மேலாக மெதுவாக வடக்கு நோக்கி நகர்ந்தபடியால்தான் மலைநாட்டில் மண்சரிவும் வன்னியில் வெள்ளமும் ஒன்றாக நேர்ந்தன. காற்று அழித்ததைவிட நீர் அழித்தது பலமடங்கு. மறுபுறம், 1964 டிசெம்பர் 22 இல் வவுனியாவை அண்டிக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயல் போல, காற்றே பெரும் அழிவாக வந்ததும் உண்டு. எச்சரிக்கையில் இரண்டையும் தனித்தனியே தேடவேண்டும்: எவ்வளவு காற்று, எத்தனை மணி நேரம்.

முப்பது சீட்டும் மூன்று பையும்

இனிப் பருவகால முன்னறிவிப்பு. அதில் வருவது "சராசரிக்கு மேல் 50, சராசரி 30, சராசரிக்குக் கீழ் 20 வீதம்" என்பது போன்ற மூன்று எண்கள். பெரும்பாலோர் இதை "50 வீதம் கூடுதலாக மழை பெய்யும்" என்று வாசிக்கிறார்கள். அப்படி அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுகளில், உங்கள் மாவட்டத்தில் ஒக்டோபர்–டிசெம்பரில் பெய்த மழையை ஆண்டுக்கொரு சீட்டில் எழுதுங்கள். குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்குங்கள். முதல் 10 சீட்டு "கீழ்" என்ற பைக்குள், நடுவில் உள்ள 10 "சராசரி" பைக்குள், கடைசி 10 "மேல்" பைக்குள். ஒன்றுமே தெரியாத ஓர் ஆண்டில் எந்தப் பைக்கும் வாய்ப்பு ஒன்றுதான், மூன்றில் ஒரு பங்கு, 33 வீதம். கடலின் வெப்பநிலையையும் கணினி மாதிரிகளையும் பார்த்தபின், "இந்த முறை மேல் பைக்கு வாய்ப்பு 33 இல் இருந்து 50 ஆகியிருக்கிறது" என்கிறார்கள். முன்னறிவிப்பு என்பது அவ்வளவுதான்.

இதிலிருந்து மூன்று விடயங்கள் வெளிக்கின்றன. "மேல்" பைக்குள் விழுந்த ஆண்டு எவ்வளவு மேலே போகும் என்பதை இந்த எண் சொல்வதில்லை. எல்லையை ஒரு மி.மீ. தாண்டினாலும் அது "மேல்"தான், ஊரே மூழ்கினாலும் "மேல்"தான். அடுத்தது, "கீழ்" 20 வீதம் என்றால் இதே முன்னறிவிப்பு வரும் ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆண்டு மழை குறையும் என்று அவர்களே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு "பொய்" என்பது நியாயமில்லை. மூன்றாவது, வரைபடத்தின் நிறம். கடும் நீலம் என்றால் கடும் மழை என்று பலர் பகிர்கிறார்கள். அந்த நிறம் காட்டுவது வாய்ப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை. மன்னார் கடும் நீலமாகவும் முல்லைத்தீவு வெளிர் நிறமாகவும் இருந்தாலும், மில்லிமீற்றரில் முல்லைத்தீவுக்கே கூடுதலாகப் பெய்யலாம். முல்லைத்தீவு இருக்கும் கிழக்குக் கரையின் சராசரியே மன்னாரின் சராசரியைவிட உயர்ந்தது. ஒவ்வோர் இடமும் தன் பழைய கணக்கோடுதான் ஒப்பிடப்படுகிறது.

மூன்று மாதக் கூட்டுத்தொகை மட்டுமே இந்த முன்னறிவிப்பில் உண்டு. அது எந்தக் கிழமையில் பெய்யும் என்பது இதில் இல்லை. "சராசரி" என்று முடிந்த மாரியிலேயே ஐப்பசியில் பயிர் கருகி, கார்த்திகையில் அதே வயல் மூழ்குவது வன்னியில் புதினமில்லை.

எல் நினோ என்றால் வரட்சியா?

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் கடல்மேற்பரப்பு வழமையைவிடச் சூடாவது எல் நினோ. குளிர்வது லா நினா. உலகச் செய்திகளில் எல் நினோ என்றாலே வரட்சி என்று வருவதால், இங்கும் அப்படியே நம்பிவிட்டோம். ஒக்டோபர்–டிசெம்பரைப் பொறுத்தவரை இலங்கையில் நிலைமை தலைகீழ்: எல் நினோ ஆண்டுகளில் இந்த மூன்று மாதங்களில் மழை கூடும் போக்கு உண்டு. லா நினாவில் ஆண்டின் கடைசி மழை குறையும் போக்கும், தையில் மழை கூடும் போக்கும் காணப்படுகின்றன. 2011 ஜனவரி, பெப்ரவரியில் கிழக்கையும் வடமத்தியையும் மூழ்கடித்த வெள்ளம் லா நினா காலத்தில் வந்தது.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது நமக்கு அருகே உள்ள இந்து சமுத்திர இருமுனைவு. ஆபிரிக்கப் பக்கக் கடல் சூடாகி சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் அது நேர்நிலை, மாறி நடந்தால் எதிர்நிலை. நேர்நிலை நம் மாரிக்குப் பொதுவாக நல்லது, எதிர்நிலை கெட்டது. 2016 இல் கடும் எதிர்நிலையோடு வலுக்குறைந்த லா நினாவும் சேர்ந்தது. அந்த ஆண்டின் கடைசி மழை பொய்த்து, 2016/17 காலபோகம் (மாரிகால நெற்செய்கை) நாடு முழுவதும் மோசமாக அடிபட்டது.

ஆனால் 2025 இன் கடைசியிலும் எதிர்நிலையும் லா நினாச் சாயலும்தான் இருந்தன. டித்வா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரே ஒரு தாழமுக்கம் பருவத்தின் முழுக் கணக்கையும் மாற்றிவிடும் நிலத்தில், கடல் காட்டும் இந்தக் குறிகள் வாய்ப்பைச் சற்று நகர்த்துமே தவிர முடிவை எழுதிவைக்காது.

எந்த முன்னறிவிப்பை எதற்குப் பாவிப்பது

பருவகால முன்னறிவிப்பின் வேலை, விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடி முடிவெடுக்கும் காலபோகக் கூட்டத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குளத்தில் ஏற்கனவே உள்ள நீரையும் சேர்த்துப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மேட்டுக்காணியில் உழுந்தை எப்போது போடுவது என்று முடிவெடுக்க அது உதவும். "கீழ்" பக்கம் சாய்ந்திருந்தால், குளத்தின் கடைவால் வயல்காரர் குறுகிய வயது நெல்லுக்கு மாறுவது புத்தி.

இரண்டு கிழமை முன்னறிவிப்புத்தான் விதைப்புக்கு உயிர். மானாவாரி வயல்களில் பலரும் செய்வது புழுதி விதைப்பு: காய்ந்த மண்ணை உழுது, நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது. இதில் பிழைப்பது ஒரே இடத்தில்தான். 25 மி.மீ. மழை காய்ந்த மண்ணில் அரைச் சாண் ஆழத்தைத்தான் நனைக்கும். விதை முளைக்க அது போதும். ஆனால் ஒக்டோபர் வெயிலில் ஈரமண் நாளுக்கு 4, 5 மி.மீ. இழக்கிறது. ஆறு நாளில் அந்த மழை மண்ணில் இல்லை. பத்தாம் நாளும் மழை வராவிட்டால் முளை செத்துவிடும், விதைநெல்லும் போய்விடும். வன்னியின் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி; திரும்ப உழத் தோதான ஈரம் சில நாள்களுக்கு மட்டுமே நிற்கும். எனவே முதல் மழையின் பின், அடுத்த பத்து நாளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காமல் விதைக்கவேண்டாம்.

மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரையான அறிக்கை யூரியாவுக்கும் களைநாசினிக்கும். யூரியா போட்ட அன்றோ மறுநாளோ 50 மி.மீ. கொட்டினால் பசளை வாய்க்காலோடு போய்விடும். களைநாசினி இலையில் காய்ந்து உள்ளிழுக்கப்படச் சில மணி நேரம் வேண்டும். பிற்பகல் 2 மணிக்குப் பின் இடிமழை என்று அறிக்கை சொன்னால் காலையிலேயே அடித்து முடிக்கவேண்டும். நாளாந்த அறிக்கையில் "சில இடங்களில் 75 மி.மீ. க்கும் அதிகம்" என்று வருவது 24 மணி நேரக் கூட்டுத்தொகை. "சில இடங்களில்" என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பகிர்வதால்தான் பாதிக் குழப்பம். இடிமழை ஒரு கிராமத்தில் 80 மி.மீ. கொட்டி, அடுத்த கிராமத்தில் தூறிவிட்டுப் போகும்.

சுருக்கமாக: மூன்று மாதக் கணக்கு கூட்டத்துக்கு, இரண்டு கிழமை விதைப்புக்கு, ஐந்து நாள் பசளைக்கு, எச்சரிக்கை உயிருக்கு.

மழை குளமாவது எப்படி

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கரில் அது 4,047 லீற்றர். ஆனால் பெய்ததெல்லாம் குளத்துக்கு வராது. குளத்துக்கு நீர் ஓடிவரும் நிலப்பரப்பை நீரேந்து பிரதேசம் என்பார்கள். 100 சதுர கி.மீ. நீரேந்து பிரதேசம் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. பெய்தால் விழும் நீர் 1 கோடி கன மீற்றர். ஐப்பசியில் மண் காய்ந்து கிடக்கும், மேலே உள்ள சிறுகுளங்களும் வெறுமை. பத்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் குளத்துக்குக் கிடைப்பது 810 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்). மார்கழியில் மண் ஊறி, சிறுகுளங்கள் வான் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதே 100 மி.மீ. பெய்து பாதி ஓடிவந்தால் 4,050 ஏக்கர் அடி. மழை மாறவில்லை, வரவு ஐந்து மடங்கு.

ஐப்பசி மழையைப் பார்த்து "குளம் ஏறவில்லையே" என்று கவலைப்படுவதும், மார்கழியில் "போன மாதமும் இவ்வளவுதானே பெய்தது" என்று படுத்துறங்குவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். 2018 டிசெம்பர் 21, 22 இல் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கண்டாவளை, பரந்தன் பக்கமெல்லாம் வெள்ளம் பரவியது நிறைகுளத்தின் மேல் பெய்த மழையால்தான். 36 அடி கொள்ளும் அந்தக் குளம் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரியாமல், பெய்யப்போகும் மில்லிமீற்றரை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

உங்கள் வெள்ளம் எந்த ஊரின் மழை என்பதும் தெரிந்திருக்கவேண்டும். கனகராயன் ஆறு வவுனியா வடக்கு நீரை இரணைமடுவுக்குக் கொண்டுபோகிறது. கிளிநொச்சியில் இருப்பவர் கனகராயன்குளம் பக்க மழையைக் கவனிக்கவேண்டும். வவுனிக்குளத்துக்குப் பாலியாறு, முத்தையன்கட்டுக்குப் பேராறு. மன்னாரின் கதை இன்னும் தூரத்தில் தொடங்குகிறது: ரிட்டிகல குன்றுகளின் பக்கம் ஊற்றெடுக்கும் மல்வத்து ஓயா, அனுராதபுரத்தைத் தாண்டி வன்னிக்குள் அருவி ஆறாக வருகிறது, தேக்கம் அணைக்கட்டு வழியே கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. மன்னாரில் வெயில் எறிக்கும்போதே ஆறு பெருகலாம். அங்குள்ளவர்கள் அனுராதபுர மாவட்ட மழையையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்றுமட்ட அறிவிப்பையும் பார்க்காமல், தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சொந்தமாக ஒரு மழைமானி

மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு நிலையங்களின் அளவு உங்கள் வயலின் மழையைச் சொல்லாது. நேரான பக்கமும் தட்டையான அடியும் கொண்ட தகரப்பேணி ஒன்று போதும். உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் மி.மீ. குளிர்பானப் போத்தல் சரிவராது. அதன் அடி வளைந்திருப்பதால் முதல் 10, 20 மி.மீ. பிழையாகக் காட்டும். புனலும் கலனும் பாவித்தால் கணக்குச் செய்யவேண்டும்: சேர்ந்த நீரை மில்லிலீற்றரில் அளந்து, புனல் வாயின் பரப்பால் (சதுர சென்ரிமீற்றரில்) பிரித்து, பத்தால் பெருக்குங்கள். 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 201 சதுர செ.மீ.; ஒரு லீற்றர் சேர்ந்தால் ஏறக்குறைய 50 மி.மீ.

மரத்தின் கீழோ கூரையோரத்திலோ வைக்கவேண்டாம். பக்கத்தில் உள்ள மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, மண் தெறிக்காத உயரத்தில், சரியாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8.30 க்கு அளந்து ஊற்றிவிடுங்கள். திணைக்களத்தின் மழைநாளும் காலை 8.30 இல்தான் முடிகிறது, அதனால் அவர்கள் எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு மாரி முழுவதும் எழுதிவைத்தால், அறிக்கையில் 50 மி.மீ. என்று வரும்போது உங்கள் வாய்க்காலில் எவ்வளவு நீர் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

எச்சரிக்கை வந்துவிட்டால் மானியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். வான்கதவு திறப்பு பற்றிய தகவல் கிராம அலுவலர் வழியாகவும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கிடைக்கும். விதைநெல், ஆவணங்கள், நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை முதல் நாளே மேட்டுக்கு ஏற்றிவிடலாம். மாடுகளை அவிழ்த்துவிடுவதென்றால் இருட்டமுன் செய்யவேண்டும்.

தை பிறந்ததும் பலர் வானிலை அறிக்கையை விட்டுவிடுகிறார்கள். அறுவடை தொடங்கும் அந்த நேரத்தில்தான் லா நினா ஆண்டுகளின் பிந்திய மழை வரும். விளைந்த கதிர் மூன்று நாள் நனைந்து படுத்தால் வயலிலேயே முளைக்கும், உழுந்து நெற்று கறுத்துப்போகும். வெட்டு இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்கமுன் ஐந்து நாள் அறிக்கையை ஒருமுறை பாருங்கள்.